டெஸ்டோஸ்டிரான் 280 என்று ரிப்போர்ட் வந்தால் ஊசிக்கு ஓடாதீர்கள்

முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்களில் இப்போது டெஸ்டோஸ்டிரான் என்ற ஆண் ஹார்மோனும் சேர்ந்துவிட்டது. ஆபீஸ் முடிந்து, டீயும் வடையும் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு ரத்தம் கொடுக்கிறார்கள். மறுநாள் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வருகிறது. 280 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. நாற்பத்தைந்து வயது ஆளுக்கு அதற்கப்புறம் தூக்கம் பிடிக்குமா? அடுத்த வாரமே எங்காவது 250 மில்லிகிராம் ஊசி ஏறிவிடுகிறது. அந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி ஒருவருக்கும் ஊசி போடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்கும், பொழுது போகப் போக இறங்கும். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில், முடிந்தால் ஒரே லேபில் பார்க்க வேண்டும். காய்ச்சல், ஆபரேஷன், நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு பார்த்தால் எண் பொய்யாகக் குறைந்து வரும்; உடம்பு தேறி சில வாரம் கழித்துப் பாருங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரை. சில லேப் மெஷின்கள் பயோட்டினை வைத்தே வேலை செய்பவை. தினமும் 5, 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவருக்கு அவை டெஸ்டோஸ்டிரானைக் கூடுதலாகவும், எல்.எச். (விரையைத் தூண்ட மூளை அனுப்பும் ஹார்மோன்), பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) இரண்டையும் குறைவாகவும் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். அலகையும் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்பதும், மில்லிலிட்டருக்கு 3 நானோகிராம் என்பதும், லிட்டருக்கு 10.4 நானோமோல் என்பதும் ஒன்றுதான். மில்லிலிட்டர் கணக்கைப் பார்த்து "எனக்கு வெறும் 4.2தான் இருக்கு" என்று பயப்படுகிறவருக்கு டெசிலிட்டர் கணக்கில் இருப்பது 420.

இரண்டு முறையும் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எண் மட்டும் நோயாகாது. அமெரிக்க யூராலஜி சங்கம் 300க்குக் கீழே என்கிறது. ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டி 264ஐக் கீழ்வரம்பாகக் காட்டுகிறது. இருவருமே அறிகுறியும் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சோர்வு, எரிச்சல், தொப்பை, மறதி எல்லாம் தைராய்டிலும் வரும், ரத்தசோகையிலும் வரும், பி12 குறைவிலும் மனச்சோர்விலும் வரும். நாற்பது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலான ஆண்களைப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. அதில் இந்த ஹார்மோனோடு சேர்ந்து நின்றவை மூன்றே அறிகுறிகள்: காலை விறைப்பு குறைவது, ஆசை குறைவது, உறவில் விறைப்பு நிற்காமல் போவது. இந்த மூன்றும் குறைந்த ஹார்மோனும் ஒன்றாக இருந்தவர்கள் 2.1 சதவீதம் பேர்தான்.

விறைப்புப் பிரச்சினை மட்டும் இருந்தால் ஹார்மோனைத் தேடும் முன் சர்க்கரை, பி.பி., கொழுப்பு, சிகரெட் இவற்றைப் பாருங்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயக் குழாயைவிடச் சின்னது, அடைப்பு அங்கேதான் முதலில் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடம் முன்பே வரும் எச்சரிக்கை அது. ஆண்மைக்குறைவு என்று வெட்கப்பட்டு மறைப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

குண்டாக இருப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இன்னொரு சிக்கல். ஹார்மோனைச் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் இவர்களுக்குக் குறைவு. அதனால் மொத்த அளவு குறைந்து தெரியும்; திசுக்களுக்குக் கிடைக்கும் 'ஃப்ரீ' அளவு சரியாகவே இருக்கலாம். சாதாரண லேப்களில் நேரடியாக அளந்து தரும் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரான் நம்பத்தக்கதல்ல. மொத்த அளவு, எஸ்.எச்.பி.ஜி., ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் மூன்றையும் வைத்துக் கணக்கிடச் சொல்லுங்கள்.

அடுத்து எல்.எச்., அதன் ஜோடியான எஃப்.எஸ்.எச். இவை ஏறியிருந்தால் கோளாறு விரையில்: பொன்னுக்குவீங்கி வந்து விரை பாதித்தவர்கள், கீமோ எடுத்தவர்கள், பிறவியிலேயே க்ளைன்ஃபெல்டர் என்ற குரோமோசோம் கோளாறு உள்ளவர்கள். இறங்கியோ சாதாரணமாகவோ இருந்தால் கோளாறு மேலே, மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில். அதே சுரப்பியின் இன்னொரு ஹார்மோனான புரோலாக்டினையும் பார்க்க வேண்டும். மொத்த அளவு 150க்கும் கீழே, எல்.எச்.சும் குறைவு என்றால் எம்.ஆர்.ஐ. அவசியம், கட்டி இருக்கலாம். இப்படி நிஜமான காரணம் உள்ளவர்களுக்கு மருந்து தேவை, பெரும்பாலும் ஆயுசுக்கும் தேவை. அவர்களை பயமுறுத்துவது என் நோக்கமல்ல.

நம் ஊர் நடுத்தர வயதுக்காரர்களிடம் அதிகம் பார்ப்பது வேறு: தொப்பை, குறட்டை, வலிக்கு டிராமடால், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, தினமும் குடி, முன்பு ஜிம்மில் தசைக்காகப் போட்ட ஸ்டீராய்டு 'சைக்கிள்'. எடையில் பத்து சதவீதம் குறைந்தால் சராசரியாக 80 நானோகிராம் அளவுக்கு ஏறும். 280 இருந்தவர் 360க்கு வந்துவிடுவார், ஊசியே இல்லாமல். பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. தூக்கத்தில் மூச்சு அடைபடுவதைச் சரிசெய்யாமல் டெஸ்டோஸ்டிரான் கொடுத்தால் அது இன்னும் மோசமாகலாம்.

குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரான் போனால் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். அனுப்புவதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு பூஜ்யத்துக்கே போகலாம். வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் 1990-களில் சோதித்தது. அதையே "உயிரணு குறைவு"க்கு மருந்தாகப் போட்டுக்கொள்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், எழுதித் தருபவர்களும் இருக்கிறார்கள். குழந்தை வேண்டுவோருக்கு க்ளோமிஃபீன், எச்.சி.ஜி. என்று வேறு வழி உண்டு. அதுவும் நிபுணர் மேற்பார்வையில்தான்.

சரி, மருந்து தேவைதான் என்று முடிவானால் எது? மாதம் ஒரு 250 ஊசி என்பது நம் ஊரில் பழகிப்போன ஏற்பாடு, எனக்கு உடன்பாடில்லை. முதல் சில நாள் அளவு எகிறும், மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தரைக்கு வரும். மனசும் அதோடு ஏறி இறங்கும். அதையே வாரம் 75 முதல் 100 மில்லிகிராமாகப் போட்டால் அளவு ஏற்ற இறக்கமில்லாமல் இருக்கும். நீண்ட நாள் நிற்கும் 1000 மில்லிகிராம் அன்டெக்கனோயேட் ஊசி என்றால், முதல் டோஸுக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. 4 மில்லி எண்ணெய் மருந்து அது. இடுப்பில் ஆழமாக, இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். போட்டதும் திடீர் இருமலோ மூச்சடைப்போ வரலாம் என்பதால் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

ஜெல் தினமும் 50 மில்லிகிராம், காலையில், தோளிலும் மேற்கையிலும். விரைப்பையில் தடவக் கூடாது. காய்ந்த பின் சட்டை போட வேண்டும், ஐந்து மணி நேரம் குளிக்கக் கூடாது. வீட்டில் வெறும் உடம்போடு குழந்தையைத் தோளில் போட்டுத் தூங்க வைக்கிறவர்களுக்கு ஜெல் வேண்டவே வேண்டாம். தோலிலிருந்து தோலுக்கு ஒட்டி, சின்னக் குழந்தைக்கு அந்தரங்க முடி முளைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. தோளில் கிடக்கும் துண்டும் கணக்கில் சேர்த்தி.

ஆரம்பிக்கும் முன் ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்), பி.எஸ்.ஏ. இரண்டும் கட்டாயம். புராஸ்டேட் புற்றுநோய் இருந்தாலோ, ஆறு மாதத்துக்குள் மாரடைப்பு, பக்கவாதம் வந்திருந்தாலோ கூடாது. பிறகு மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், அப்புறம் வருடா வருடம். ஹீமடோக்ரிட் 54ஐத் தாண்டினால் ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று பொருள். ஹீமோகுளோபின் ஏறத்தாழ 18. உடனே நிறுத்தி, இறங்கியபின் குறைந்த டோஸில் தொடங்க வேண்டும். ரத்ததானம் செய்துவிட்டு அதே டோஸைத் தொடர்வது ஏமாற்று வேலை.

இதயத்துக்கு ஆபத்தா என்ற கேள்விக்கு 5,200க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2023-ல் வெளியான ட்ராவர்ஸ் ஆய்வு ஓரளவு பதில் தந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத்துடிப்புக் கோளாறும் நுரையீரல் ரத்தக்கட்டியும் மருந்து எடுத்தவர்களிடம் அதிகம். எலும்பு முறிவும் குறையவில்லை, கூடியது.

ஆசை திரும்ப மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். ரத்தத்தில் அளவு சரியாக இருந்தும் ஆறு மாதத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் காரணம் வேறு, மருந்தை நிறுத்திவிடுங்கள். நிறுத்தியதும் சில வாரம் சோர்வு அதிகமாகத் தெரியும், உடம்பின் சொந்த உற்பத்தி திரும்ப மாதங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் 'நரம்புத் தளர்ச்சி' லேகியத்துக்குப் போகாதீர்கள். 'மூலிகை' என்று விற்கும் வீரிய மாத்திரைகள் பலவற்றில் வயாகராவில் உள்ள சில்டெனாஃபில் கலந்திருப்பது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அதைச் சாப்பிட்டால் பி.பி. விழுந்து உயிரே போகலாம்.