அந்தத் தகரத்தை நான் மொழிபெயர்க்கவில்லை

போன ஞாயிறு மருமகள் வீட்டுக்கு வந்திருந்தாள். மட்டக்களப்பில் ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தில் கள உத்தியோகத்தராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அடுத்த வாரம் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து தலைமை நிர்வாகி, நிதிப் பணிப்பாளர், திட்டப் பணிப்பாளர் என்று பெரியவர்கள் நாலைந்து பேர் வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்கு வருகிறார்களாம். "நான்தான் மொழிபெயர்க்க வேண்டுமாம் மாமா. நீங்களும் இந்த வேலை பார்த்தவர்தானே, என்ன மாதிரிக் கதைக்கிறது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

2005ஆம் ஆண்டு, உடம்பைச் சுடுகிற கச்சான் காற்று அடிக்கிற காலம். கல்லடிப் பக்கம், சுனாமியில் வீடிழந்தவர்களுக்குத் தகரத்தில் கொட்டில் போட்டுக் கொடுத்திருந்தோம். எங்கள் நிறுவனத்தின் பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். முதல் நாளே முகாமைக் கூட்டிப் பெருக்கி, பிள்ளைகளுக்கு வரவேற்புப் பாட்டுப் பழக்கி, யார் பேசுவது என்று ஆளும் பார்த்து வைத்திருந்தோம். ஆனால் நாங்கள் பார்த்து வைத்த ஆள் வாய் திறக்கும் முன்பே, பின்னாலிருந்து ஒரு அம்மம்மா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அவன் சட்டையை உயர்த்திக் காட்டினார். முதுகு முழுக்க வேர்க்குரு, சொறிந்து சொறிந்து புண்ணாகியிருந்தது. "பகல்ல இதுக்குள்ள இரிக்கேலாது மனே. தகரம் கொதிக்கிது. மேல தென்னோலைக் கிடுகாவது போட்டுத் தரச் சொல்லு."

தலைமை நிர்வாகி என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் புரொஜெக்ட் மனேஜர். தகரம் வாங்கிய பத்திரங்களில் அவருடைய கையெழுத்து. எனக்கோ ஒப்பந்தம் முடிய ஒரு மாதம்தான் இருந்தது. "கொட்டில் கிடைத்ததற்கு நன்றி சொல்கிறார், பிள்ளைக்குத்தான் தோலில் கொஞ்சம் வருத்தமாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவர் குனிந்து அந்த அம்மம்மாவின் கையைப் பிடித்து ஜெபித்தார். கண் கலங்கியிருந்தது, நடிப்பில்லை. நாலு நாள் கழித்துத் தோலுக்குப் பூசுகிற களிம்பு ஒரு பெட்டி வந்து இறங்கியது. கிடுகு வரவில்லை.

கிறிஸ்தவ நிறுவனம் என்றால் மேலே இருப்பவர்களிடம் நாம் பக்தியைப் பார்க்கிறோம், பிறகு கைச்சுத்தத்தைப் பார்க்கிறோம். இரண்டும் இருந்தாலும் காரியம் கெட்டுப்போகலாம் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2022 நவம்பரில் பாப்பரசர் பிரான்சிஸ், ரோமில் இருக்கும், கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகளின் கரித்தாஸ் கூட்டமைப்பின் தலைமையைக் கூண்டோடு மாற்றினார். 160க்கும் மேற்பட்ட தேசிய அமைப்புகளைக் கொண்ட குடும்பம் அது. வெளியாட்களை வைத்து விசாரித்ததில் காசில் கையாடல் இல்லை, பாலியல் முறைகேடு இல்லை, நிதி திரட்டும் இலக்கைக்கூட எட்டியிருந்தார்கள். பிசகு இருந்தது நிர்வாகம் நடந்த விதத்திலும் அங்கே வேலை செய்தவர்களை நடத்திய விதத்திலும்தான். தற்காலிக நிர்வாகி ஒருவரைப் போட்டு, 2023 மே மாதம் புதிய தலைமையைத் தெரிவு செய்தார்கள். கணக்குச் சரியாக இருந்தும் இப்படி ஒரு முடிவை எடுத்தார்கள் என்பதால்தான் அந்தச் செய்தி எனக்கு மறக்கவில்லை.

சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் அந்தப் பக்கம் இல்லை. இங்கிலாந்தில் பெரிய தொண்டு நிறுவனங்கள் 60,000 பவுணுக்கு மேல் வாங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று வருடாந்தக் கணக்கில் போட்டே ஆக வேண்டும், பார்க்க விரும்பினால் பார்க்கலாம். அவர்களில் எத்தனை பேர் ஒரு மத்தியானம் முழுக்கத் தகரத்துக்குக் கீழே இருந்தார்கள் என்று எந்தக் கணக்கிலும் போடுவதில்லை. என் கேள்வி அதுதான்.

அந்த அம்மம்மாவின் சொல்லை நான் நேர்மையாக மொழிபெயர்த்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்திருக்கிறேன். முகாமில் "கொதிக்கிது". என் மாத அறிக்கையில் "வெப்பம் தொடர்பான சில கரிசனைகள்". கொழும்பு அலுவலகத்தில் "பயனாளிகள் பொதுவாகத் திருப்தி". தலைமையகத்து மேசைக்குப் போய்ச் சேரும்போது, எல்லாம் சரி என்று பச்சை நிறமடித்த ஒரு கட்டம். யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு கைப்பிடி தண்ணீர் ஊற்றினோம், அவ்வளவுதான்.

1994இல் செஞ்சிலுவை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பத்து அம்சங்களில் ஒரு நடத்தைக் கோவை எழுதின. மூன்றாவது அம்சம், உதவியை வைத்து மதமோ அரசியலோ பரப்பக் கூடாது என்பது. எங்கள் ஊரில் அதைப் பற்றித்தான் எல்லோரும் கதைப்பார்கள், கதைக்கவும் வேண்டும். ஒன்பதாவதை யாரும் தொடுவதில்லை. காசு தருகிறவருக்கும் உதவி பெறுகிறவருக்கும், இரண்டு பேருக்குமே பொறுப்புச் சொல்வோம் என்கிறது அது. காசு தருகிறவருக்குப் பொறுப்புச் சொல்ல நிதிப் பணிப்பாளர் இருக்கிறார், கணக்காய்வாளர் இருக்கிறார். அந்த அம்மம்மாவுக்கு? முகாம் வாசலில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி இருந்தது. திறப்பு மனேஜரிடம்.

உள்ளூர் ஆளை மேலே போட்டால் எல்லாம் சரியாகும் என்றும் சொல்ல மாட்டேன். கொழும்பில் பிறந்து வளர்ந்தவருக்கும் படுவான்கரை வெளிநாடுதான். 2016இல் பெரிய கொடை நாடுகளும் உதவி நிறுவனங்களும் மனிதாபிமான நிதியில் 25 வீதத்தை 2020க்குள் உள்நாட்டு அமைப்புகளிடம் கொடுப்போம் என்று கையெழுத்து வைத்தார்கள், அதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்த மேசையில் ஒரே ஒருவராவது நிவாரண வரிசையில் நின்ற ஆளாக இருக்க வேண்டும். பச்சைக் கட்டத்தைப் பார்த்தால் அவருக்கு உடனே சந்தேகம் வரும்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வில்லியம் ஓல்ட் சிலையைக் கடக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும். 1814இல் வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய மெதடிஸ்த மிஷனரி, ஒரு வருடம்கூட ஆகும் முன்னே இங்கேயே செத்துப்போனார். அந்தக் காலத்தை நான் புகழவில்லை, அதற்கு வேறு கணக்கு இருக்கிறது. ஆனால் அந்த மனிதருக்கும் இந்த ஊர் வெயிலுக்கும் நடுவில் மாத அறிக்கை இருக்கவில்லை.

மருமகளிடம், சனம் சொல்வதை ஒரு சொல்லும் விடாமல் அப்படியே மொழிபெயர் என்றேன். கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"வேலை போனால் நீங்கள் பார்ப்பீர்களா மாமா?"