ஏழாவது ஆள்

ரோபோ ஆபரேஷன் பற்றி ஒரு டாக்டர் லைவில் கேள்விகளுக்குப் பதில் சொன்னாரே, அதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு மட்டும் பதினோரு பேர் அனுப்பினார்கள், அதில் மூன்று பேர் சிரிப்பு பொம்மையோடு. கேள்வி கேட்ட ஆள் நான்தான் என்று தெரிந்தே அனுப்பினார்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு வரி. "புதிதாக வந்திருக்கும் ரோபோவில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்கிறீர்களே, அந்த மெஷினில் இது உங்களுக்கு எத்தனையாவது என்று நோயாளியிடம் சொல்வீர்களா?" டாக்டர் சிரித்தார். "பிளேன்ல ஏறும்போது பைலட்கிட்ட இது எத்தனையாவது டிரிப்னு கேட்பீங்களா சார்?" கீழே ஹார்ட்டின் மழை.

நல்ல உதாரணம் டாக்டர். நானே தேடியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாகக் கிடைத்திருக்காது. ஏர்பஸ் ஓட்டுகிறவர் நாளைக்கே போய் போயிங்கில் உட்கார முடியாது. அந்த ரக விமானத்துக்கென்று தனிப் பயிற்சி, சிமுலேட்டர், தேர்வு, லைசென்ஸில் தனிப் பதிவு எல்லாம் வேண்டும். அதை ஓர் அரசு அமைப்பு பார்த்துக்கொள்வதால்தான் நான் பைலட்டின் சட்டையைப் பிடிப்பதில்லை. ரோபோ ஆபரேஷனுக்குப் பயிற்சிச் சான்றிதழைப் பெரும்பாலும் மெஷினை விற்கிற கம்பெனியே கொடுக்கிறது. அப்படியிருக்க நான் யாரிடம் கேட்பது?

டாவின்சி என்கிற ஆபரேஷன் ரோபோவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2000இல். இருபது வருஷம் அது கிட்டத்தட்ட தனிக்காட்டு ராஜா. இப்போது ஹ்யூகோ, வெர்சியஸ், நம் நாட்டின் எஸ்எஸ்ஐ மந்த்ரா என்று வேறு ரோபோக்களும் வரிசையாக வருகின்றன. வரட்டும், நல்லது. ஆனால் ஒன்று போல இன்னொன்று இல்லை. டாவின்சியில் டாக்டர் பெட்டிக்குள் முகத்தைப் புதைத்துப் பார்க்கிறார், ரோபோவின் கைகள் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வருகின்றன. ஹ்யூகோவில் ஒவ்வொரு கைக்கும் ஒரு தனி வண்டி, டாக்டர் 3டி கண்ணாடி போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறார். கைகளை எந்தக் கோணத்தில் நிறுத்துவது, எங்கே ஒன்றோடொன்று இடிக்கும் என்பதையெல்லாம் புதிதாகப் பழக வேண்டும். பழையதில் ஆயிரம் செய்தவரும் இதில் ஒன்றிலிருந்துதான் எண்ண ஆரம்பிக்கிறார். அந்த எண்ணைத்தான் கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

அப்பா கதையைச் சொல்லாமல் விட்டால் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று உங்களுக்குப் புரியாது. ஊரும் ஆஸ்பத்திரியும் வேண்டாம். புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் 14, அதிகம்; சதையை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் புற்றுநோய். "லேட்டஸ்ட் மெஷின் சார், ரெண்டரை மணி நேரம்" என்றார் கவுன்சலர். ஐந்தரை மணி நேரம் ஆனது. நடுவில் மெஷின் கம்பெனிப் பையன் ஒருவன் தியேட்டர் உடையோடு வெளியே வந்து, டீ வாங்கிக்கொண்டு போனில் பேசினான். "மூணாவது ஆர்ம் இடிக்குது சார், ஆங்கிள் மாத்தியிருக்கோம்." இரண்டு நாற்காலி தள்ளி நானும் அம்மாவும். அம்மா கேட்டார், "யாரோட கைடா இடிக்குதாம்?"

மறுநாள் நர்ஸ் பொண்ணு பாசமாகச் சொன்னது: "தாத்தா, இந்த மெஷின்ல நீங்க ஏழாவது ஆளு! பத்து ஆனதும் கேக் வெட்டுவாங்க." வெட்டினார்கள். மூத்திரக் குழாயை (கதீட்டர்) எடுக்கப் போன அன்றைக்குத்தான் அந்த விழா. வரவேற்பறையில் பலூன். அப்பாவுக்கும் ஒரு துண்டு. ஒரு கையில் மூத்திரப் பை, இன்னொரு கையில் பேப்பர் தட்டு. யாரோ போட்டோ எடுக்க, அப்பா சிரித்தார். எங்களுக்குக் கொடுத்த ஒப்புதல் படிவத்தில் ரத்தப்போக்கு இருந்தது, தொற்று இருந்தது, மரணம்கூட இருந்தது. ஏழு இல்லை.

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதே, அப்புறம் என்ன?" என்பீர்கள். ஆமாம், முடிந்தது. பிஎஸ்ஏ இறங்கிவிட்டது. மூத்திரம் கசிந்து எட்டு மாதம் பேட் கட்டினார். அதற்கு ரோபோவைக் குறை சொல்ல மாட்டேன், யார் செய்தாலும் நடக்கக்கூடியது. ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேனில், 326 பேரை வைத்துக் கத்தியா ரோபோவா என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மூன்று மாதத்தில் சிறுநீர்க் கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வைப் பற்றி எல்லோரும் பேசிய விஷயம் எது தெரியுமா? திறந்து செய்த டாக்டருக்கு முன் அனுபவம் 1500 ஆபரேஷனுக்கு மேல், ரோபோவில் செய்தவருக்கு 200. அங்கே எண் சபைக்கு வந்துவிட்டது. இங்கே கேட்டால் சிரிப்பு.

"எல்லாவற்றுக்கும் முதல் ஆள் என்று ஒருவர் வேண்டாமா?" கண்டிப்பாக வேண்டும். ஹ்யூகோவின் முதல் மனித ஆபரேஷன் 2021இல் சிலி நாட்டில் நடந்தது, அதுவும் புராஸ்டேட்தான். அதே வருஷம் சென்னைக்கும் வந்தது. அமெரிக்காவில் அனுமதி கேட்கும் முன் 137 பேரை வைத்துச் சோதித்தார்கள்: புராஸ்டேட், சிறுநீரகம், சிறுநீர்ப்பை. இரண்டு பேருக்குப் பாதியில் வேறு முறைக்கு மாற வேண்டி வந்ததையும் சேர்த்தே வெளியிட்டார்கள். அந்த 137 பேரும் தாங்கள் சோதனையில் இருப்பது தெரிந்து கையெழுத்துப் போட்டவர்கள். சோதனை வேண்டாம் என்று நான் எப்போது சொன்னேன்? சோதனையைச் சோதனை என்று சொல்லிச் செய்யுங்கள், கேக் வெட்டாதீர்கள் என்கிறேன்.

"போட்டி வந்தால் விலை குறையும்." குறையட்டும். எங்கள் பில்லில் குறையவில்லை.

"சுதேசி மெஷினுக்கு எதிரி." இதற்கெல்லாம் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

"கூகுள் டாக்டர்." இதுதான் வலிக்கிறது. அமெரிக்காவில், வாஷிங்டன் மாநிலத்தில், 2008இல் ஒருவருக்கு ரோபோவில் புராஸ்டேட் ஆபரேஷன். மேற்பார்வைக்கு ஆள் இல்லாமல் அந்த டாக்டர் தனியாகச் செய்த முதல் ஆபரேஷன் அது. ஆரம்பத்தில் குண்டான ஆட்களை எடுக்காதீர்கள் என்று கம்பெனியே சொல்லியிருந்தது, அந்த நோயாளி குண்டானவர். சிக்கலாகிவிட்டது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், மெஷினின் ஆபத்துகளை ஆஸ்பத்திரிக்கும் எச்சரிக்கும் கடமை கம்பெனிக்கு உண்டு என்று 2017இல் தீர்ப்பு வந்தது. இதைக் கூகுளில்தான் படித்தேன். வேறு எங்கே படிக்க? நீங்கள் சொல்லித் தந்தீர்களா?

டாக்டர்களை எதிர்க்கிறேனாம். அப்பா அந்த டாக்டருக்கு இன்றைக்கும் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறார். கும்பிட்டே பழகிய தலைமுறை. ஏழு என்று முன்பே சொல்லியிருந்தாலும் "நீங்க பார்த்து செய்ங்க டாக்டர்" என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்படிப்பட்ட மனுஷனிடம் சொல்லத்தான் உங்களுக்கு என்ன பயம்?

அந்த லைவை யாரோ குடும்பக் குரூப்பிலும் போட்டுவிட்டார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார். "டாக்டர் சொல்றதும் சரிதானேடா" என்றார். நான் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆறாவது ஆளு ஒருத்தர் எனக்கு எதிர் ரூம்ல இருந்தாரே, அவருக்கு இப்ப எப்படி இருக்காம், தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது.