ரேஸ் வண்டி வேற, ரோட்டு வண்டி வேற

வியாழக்கிழமை ராத்திரி நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "அவனுக்குத் தொழில் தெரியாதுல்லா, தெரிஞ்சா கழத்திக் கொடுத்திருப்பாம்லா." பெயர் சொல்லவில்லை. ஆனால் பாளையங்கோட்டையில் அந்தத் தம்பியின் யமஹா ஆர்15 பைக்கைத் திருப்பி அனுப்பிய பட்டறை எதுவென்று குழுவில் யாருக்குத் தெரியாது? என் பட்டறைதான். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

தம்பி கேட்டது நாலு வேலை. கண்ணாடி இரண்டையும் கழற்றணும், சைடு ஸ்டாண்டு வேண்டாம், சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸின் ஃபியூஸைப் பிடுங்கணும், சைலன்சரை மாத்தணும். கேட்டால், "ரேஸ் பைக்ல இதெல்லாம் கிடையாது அண்ணாச்சி" என்கிறான். கிடையாதுதான். ஆனால் ரேஸ் வண்டி வேற, ரோட்டு வண்டி வேற.

வயசுக்காலத்தில் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு அணிக்கு எடுபிடியாக இரண்டு சீசன் இருந்தேன். எனக்கு முதலில் கொடுத்த வேலை, ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் ஓட்டை போட்டு, கம்பி கோத்து முறுக்கிக் கட்டுவது. அதிர்வில் போல்ட் கழன்று ஆயில் கொட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். அதற்காகத்தான் அந்தக் கம்பி. சைடு ஸ்டாண்டை எடுப்பது, வண்டி வளைவில் சாயும்போது தரையில் இடிக்கும் என்பதற்காக. கண்ணாடி வேண்டாம், ஏனென்றால் எல்லாரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள், முந்துகிறவன்தான் பார்த்து முந்தணும், கொடி காட்ட ஆள் நிற்கிறது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. நாங்குநேரி பக்கம் எதிர்த்திசையில் டிராக்டர் வந்தால் கொடி காட்ட யார் நிற்கிறார்கள்?

டயரையும் சொல்லணும். ரேஸ் ஸ்லிக் டயரில் வரியே கிடையாது. போர்வை மாதிரி ஹீட்டரைச் சுற்றி, 80 டிகிரிக்கு மேல் சூடாக்கித்தான் வெளியே விடுவார்கள். ஆறிப்போனால் பிடிக்காது. உலகப் பெரிய பைக் ரேஸான மோட்டோஜிபியில் இருக்கிற கார்பன் பிரேக்கும் அப்படித்தான், சூடேறாமல் பிடிக்காது.

"மோட்டோஜிபியில ஏபிஎஸ் கிடையாதே" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆமாம், அங்கே விதியே அதைத் தடுக்கிறது. ஆனால் அங்கே ஓட்டுகிறவன் ஒரே வளைவை இருபது, இருபத்தைந்து தடவை சுற்றுகிறான், எந்த இடத்தில் பிரேக் பிடிக்கணும் என்று அவன் விரலுக்குத் தெரியும். நம்ம ரோட்டில் ஆடு எந்த இடத்தில் குறுக்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? 125 சிசிக்கு மேலே இருக்கிற வண்டிக்கெல்லாம் 2019 ஏப்ரலில் ஏபிஎஸ் கட்டாயமாக்கியது சும்மாவா?

"கம்பெனியே ரேஸ் ஸ்டிக்கர் ஒட்டி விக்கிதே" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். சடாரென்று கியர் குறைத்தாலும் பின் சக்கரம் இழுக்காமல் பார்த்துக்கொள்கிற ஸ்லிப்பர் கிளட்ச் எல்லாம் ரேஸில் கற்றுக்கொண்டு வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்டிக்கருக்குச் சொந்தமான, மோட்டோஜிபியில் ஓடுகிற யமஹா எம்1 வண்டி 1000 சிசி, 250 குதிரைசக்திக்கு மேல், கடையில் விற்பனைக்கே கிடையாது. தம்பியின் வண்டி 155 சிசி, 18 குதிரைசக்தி சொச்சம். சரி, 1988-இல் தொடங்கிய வேர்ல்டு சூப்பர்பைக் ரேஸில் கடையில் விற்கிற வண்டிதானே ஓடுகிறது என்றால், அதிலும் சஸ்பென்ஷன், சைலன்சர், கம்ப்யூட்டர் எல்லாம் மாற்றியிருப்பார்கள். இங்கே வெறும் சைலன்சரை மட்டும் மாற்றினால் பெட்ரோல் கலவை மெலிந்து இன்ஜின் கூடுதலாகச் சூடாகலாம்.

"வேலை செய்யச் சோம்பேறித்தனம்" என்றும் ஒரு பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பையன் இதே மாதிரி கேட்டான். கழற்றிக் கொடுத்தேன், முந்நூறு ரூபாய் வாங்கினேன். மூன்றாவது வாரம் கேடிசி நகர் பக்கம் பின்னால் வந்த வேனைப் பார்க்காமல் வலது பக்கம் ஏறிவிட்டான். காறை எலும்பு இரண்டு துண்டு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. "கண்ணாடி இருந்திருந்தா பாத்திருப்பாம்லா அண்ணே" என்று மட்டும்தான் கேட்டார். அந்த இரண்டு கண்ணாடியும் இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. எனக்குத் தொழில் தெரியாது என்று சொல்கிறவர் வந்து அதைப் பார்க்கட்டும்.

தம்பியின் சித்தப்பாவுக்கு ஒன்று. வண்டியைத் திருப்பி அனுப்பும்போதே பார்த்தேன், செயின் ரொம்பத் தளர்ந்து கிடக்கிறது, பின் டயரும் தேய்ந்துவிட்டது. ஆடிக்காற்று வேறு ஆரம்பித்துவிட்டது, பணகுடி தாண்டினால் வண்டியை அப்படியே தள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை திறந்திருக்கும், தம்பியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். செயினை முறுக்கித் தருகிறேன், காசு வேண்டாம்.