அது வெட்டிச் செலவு இல்லை

ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்தில் நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் நேற்று, அங்கே பேசிய ஒரு அண்ணன் தான் சொன்னதையே தன் பக்கத்திலும் எழுதி, அதற்குக் கீழே "சரியாச் சொன்னீங்க" என்று இத்தனை பேர் வந்து நிற்பதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

"சோத்துக்கு வழியில்லாதவன் சாவுக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கான் பாருங்க. ஏழை ஏழையாவே இருக்கிறதுக்கு இந்தப் புத்திதான் காரணம்." நூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் தொழிலாளிகளைப் பற்றி இதுதான் அவர் சொன்னது. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

எந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொன்னார் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. மாட் பெம்பர் ரீவ்ஸ் 1913-இல் எழுதிய 'ரவுண்ட் அபௌட் எ பவுண்ட் எ வீக்', அதாவது 'வாரம் சுமார் ஒரு பவுண்டு'. இதே பேச்சை லண்டனின் பெரிய வீடுகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், அதற்குப் பதிலாகவே அந்த அம்மா எழுதிய புத்தகம் அது. அதைப் படித்துவிட்டு வந்து அதே பேச்சைப் பேசுவதென்றால், படித்தீர்களா அண்ணா, நிஜமாகவே படித்தீர்களா?

சரி, படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட் ஆஸ்திரேலியாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். பெண்களுக்கு 1893-இலேயே ஓட்டுரிமை கொடுத்த நாட்டிலிருந்து, கொடுக்காத நாட்டுக்கு 1896-இல் வந்தவர். 1908-இல் லண்டனின் வசதியான பகுதியான கென்சிங்டனில் அவர் வீட்டில்தான், சோசலிசத்தைப் படிப்படியாகக் கொண்டுவர நினைத்த ஃபேபியன் சங்கத்தின் பெண்கள் குழு தொடங்கியது. அந்தக் குழு 1909 முதல் 1913 வரை லண்டனின் தொழிலாளர் பகுதியான லாம்பெத்தில் பிள்ளைத்தாய்ச்சிகள் உள்ள வீடுகளுக்கு வாராவாரம் போனது. தாய்க்கும் குழந்தைக்கும் சத்தான சாப்பாட்டுக்கென்று வாரம் ஐந்து ஷில்லிங் (பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு) கொடுத்தார்கள், குழந்தைக்கு ஒரு வயது ஆகும் வரை. அந்தப் பெண்கள் தங்கள் வீட்டுச் செலவை ஒரு பென்னி விடாமல் எழுதி வைக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்கள் புருஷனிடமோ மூத்த பிள்ளையிடமோ சொல்லி எழுதச் சொன்னார்கள். அந்தக் கணக்குகள்தான் புத்தகத்தின் உயிர்.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் லண்டனின் பரம ஏழைகள் இல்லை. குடித்து அழித்தவர்கள் இல்லை. வேலையில் இருந்த ஆண்கள், வண்டியோட்டி, கூலித் தொழிலாளி, மீன் பொரிப்பவர் என்று முழு வாரமும் உழைத்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மனைவி கையில் கொடுத்தவர்கள். வாரம் சுமார் இருபது ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு, கொஞ்சம் முன்னே பின்னே. அதில் ஏழெட்டு ஷில்லிங் வாடகைக்கே போய்விடும். பிறகு நிலக்கரி, காசு போட்டால் எரியும் கேஸ் மீட்டர், சோப்பு, பிள்ளைகளின் பூட்ஸுக்குச் சேர்க்கிற சீட்டு. எல்லாம் போய் எட்டு ஷில்லிங் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டேகால் பென்னி. அதில் இறைச்சி என்று ஏதாவது வாங்கினால் அது உழைக்கிற மனுஷனுக்கு. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் ரொட்டி, மார்ஜரின், டீ.

இதில் எந்த இடத்தில் புத்தி இல்லாமல் போனது? அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. காசு போதவில்லை. மாட் புத்தகம் முழுக்கச் சொல்வது இந்த ஒன்றைத்தான்.

இப்போது அந்தச் சாவு இன்ஷூரன்ஸுக்கு வருகிறேன். பிள்ளை ஒன்றுக்கு வாரம் ஒரு பென்னி. வாசலுக்கே ஏஜெண்ட் வந்து வாங்கிக்கொண்டு போவார். ஏன் கட்டினார்கள்? பிள்ளைகள் செத்துக்கொண்டே இருந்ததால் கட்டினார்கள். கட்டாமல் விட்டுப் பிள்ளை செத்துப்போனால் இரண்டே வழி. ஒன்று கடன் வாங்கவேண்டும், அந்தக் கடன் அடைகிற வரை மிச்சமிருக்கிற பிள்ளைகள் அரை வயிறாகக் கிடக்கவேண்டும். இல்லையென்றால் அனாதைப் பிணம் மாதிரி தர்மச் செலவில் அடக்கம் செய்ய விட்டுக்கொடுக்கவேண்டும். அந்த அவமானத்தை எந்தத் தாயும் தாங்க மாட்டாள்.

ஒரு குழந்தையின் அடக்கச் செலவை மாட் அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார். அடக்கத்துக்கு ஒரு பவுண்டு பன்னிரண்டு ஷில்லிங். இறப்புச் சான்றிதழுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்னி. குழி வெட்டியவர்களுக்கு இரண்டு ஷில்லிங், சவ வண்டியோடு வந்தவர்களுக்கு இரண்டு, குளிப்பாட்டிக் கிடத்திய பெண்ணுக்கு இரண்டு. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்கு ஒன்று. பூ ஆறு பென்னி. அப்பாவுக்குக் கறுப்பு டை ஒரு ஷில்லிங். மொத்தம் இரண்டு பவுண்டு, ஒரு ஷில்லிங், ஒன்பது பென்னி. வாரம் ஒரு பவுண்டு கூலி என்றால் இரண்டு வாரக் கூலிக்கும் மேல். அதற்கும் தனிக் குழி கிடைக்கவில்லை, இன்னும் மூன்று பேரோடு சேர்த்துத்தான் புதைத்தார்கள்.

இதில் எது வெட்டிச் செலவு அண்ணா? பூவா?

எங்கள் அப்பத்தா இடுப்பில் ஒரு சுருக்குப்பை வைத்திருந்தது. வெற்றிலைப் பை வேறு, இது வேறு. ஊரில் கடலை உடைக்கப் போய் வாங்குகிற கூலியில் ரெண்டு ரூபாய், அஞ்சு ரூபாய் என்று இதில் போடும். ராத்திரி நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் படுக்கும், அந்தப் பையைத் தொடாது. கோடித்துணிக்கும் பந்தலுக்கும் என்று அதுவே சொல்லும். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் முற்றி அம்மா எங்கெங்கோ கேட்டு அலைந்து வெறுங்கையோடு வந்தபோது அந்தப் பையை அவிழ்த்துக் கொட்டியது. அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து சேர்க்க ஆரம்பித்தது. பட்டினி கிடந்து சாவுக்குச் சேர்க்கிறாளே கிழவி என்று எங்கள் சொந்தத்திலேயே பேசியவர்கள் உண்டு. அப்பத்தா போன அன்றைக்கு அப்பா யாரிடமும் கை நீட்டவில்லை. அந்தப் பேச்சுப் பேசியவர்கள் வந்து பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள், அந்தக் காப்பியும் அந்தப் பைக் காசுதான். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டபோது எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று இப்போதாவது புரிகிறதா?

என்ன பதில் வரும் என்று தெரியும். "அவங்களே பணக்கார அம்மா, கென்சிங்டன்ல இருந்துக்கிட்டு ஏழைகளை வேடிக்கை பார்க்கப் போனாங்க." ஆமாம், வசதியான வீடுதான், கணவர் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸின் இயக்குநர். வேடிக்கை பார்க்கப் போனவர்கள் வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் போவார்களா? "ஃபேபியன்களுக்கு இனமேம்பாட்டுக் கிறுக்கு, 'தரமானவங்க' மட்டும்தான் பிள்ளை பெறணும்ங்கிற கிறுக்கு, இருந்ததே." சிலருக்கு இருந்தது, மறுக்கவில்லை, ஆனால் அதைச் சொல்லி இந்தப் பெண்களின் கணக்கை மூடி வைக்க விட மாட்டேன். ஐந்து ஷில்லிங் கொடுத்துவிட்டு வீட்டுச் செலவை எல்லாம் காட்டச் சொல்வது எனக்கும் உறுத்துகிறதுதான். நானாக இருந்தால் காட்டியிருப்பேனா என்று தெரியவில்லை.

அப்புறம் அந்தக் கஞ்சிப் பேச்சு. ஓட்ஸ் கஞ்சி மலிவு, சத்து, அதைக் காய்ச்சிக் கொடுத்திருக்கலாமே என்று பின் வரிசையிலிருந்து ஒரு அக்கா கேட்டார். அக்கா, மாட்டின் குழுவும் இந்தக் கஞ்சி உபதேசத்தோடுதான் லாம்பெத் போனது. போய்ப் பார்த்தால் இருப்பது ஒரே பாத்திரம், நேற்றைய குழம்பு வாடை அதில் போகாது. நின்று கிளற நேரம் கிடையாது, கேஸுக்குக் காசு கிடையாது, ஊற்றிக்கொள்ளப் பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. அந்தக் கஞ்சியைக் கொடுத்தால் உன் மேலேயே வீசுவேன் என்று ஒருத்தியின் புருஷன் சொல்லியிருக்கிறான். உபதேசம் பண்ணப் போனவர்கள் அதைத் தங்கள் தவறாகவே எழுதி வைத்தார்கள். எனக்கு மாட்டைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

"எதுக்கு அத்தனை பிள்ளை பெத்தாங்க?" இந்தக் கேள்விக்கு நான் பொறுமையாகப் பதில் சொல்லப் போவதில்லை. மேரி ஸ்டோப்ஸ் லண்டனில் தன் முதல் கருத்தடை மையத்தைத் திறந்தது 1921-இல். இவர்கள் பெற்றதெல்லாம் அதற்கு முன்னால். அந்தப் பெண்களைக் கேட்டா பிள்ளை வந்தது? எங்கள் அம்மாவைக் கேட்டா வந்தது?

நான் இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் இருந்த அறையில் சாவி போட்டு ரீசார்ஜ் செய்கிற கரண்ட் மீட்டர். மாதா மாதம் பில் கட்டிய தோழிகளைவிட யூனிட்டுக்கு நான் கூடுதலாகக் கொடுத்தேன், குளிரில் அணைத்து அணைத்துப் போட்டும். ஏழைத் தொழிலாளி வாடகைக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்கிறான், பணக்காரன் எட்டில் ஒரு பங்குதான் கொடுக்கிறான் என்று மாட் கணக்குப் போட்டுக் காட்டிய பக்கத்தைப் படித்தபோது அந்த அறைதான் ஞாபகம் வந்தது.

இத்தனை இருக்க, அந்த அண்ணன் பத்து நிமிஷம் பேசியது மாட்டின் மகள் ஆம்பருக்கும் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸுக்கும் இருந்த உறவைப் பற்றி. புத்தகத்தை எழுதியவரைப் பற்றிச் சொல்ல அதுதான் கிடைத்ததா? குழந்தை வளர்ப்புக்கு அரசு பணம் கொடுக்கவேண்டும் என்று அவர் எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிரிட்டனில் அந்தச் சட்டம் 1945-இல் வந்தது, மறு வருஷம் தாய்மார்கள் கையில் பணம் வந்தது, இரண்டாவது பிள்ளையிலிருந்து வாரம் ஐந்து ஷில்லிங். மாட் அப்போது உயிரோடு இருந்தார்.

நேற்று ராத்திரி அம்மாவுக்கு ஃபோன் போட்டு அந்த அடக்கக் கணக்கைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். எட்டாவதுதான் படித்தது, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாற்பது வருஷம் வீட்டுக் கணக்கு எழுதியது. முழுதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது, "எல்லாம் சரி, அந்த இன்ஷூரன்ஸ்காரனுக்கு எதுக்குடி ஒரு ஷில்லிங்?"