கூத்துக்கு 12 நிமிசம்

சனிக்கிழமை ராத்திரி விழா மேடையில நம்மட கூத்தப் பாதியில நிப்பாட்டினது இங்க எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் பாத்திருப்பீங்க. ரெண்டு நாள் ஒண்டும் எழுதாம இருந்து பாத்தன், ஏலாமப் போச்சு. ஆடிக்கொண்டிருக்கக்குள்ள மைக்க நிப்பாட்டி "நேரம் முடிஞ்சிது, அடுத்த நிகழ்ச்சி" எண்டு அறிவிச்சாங்களே, அந்த நேரம் மத்தளத்தோட நிண்டவர் என்ட மாமா. அம்மாட தம்பி, கூத்துப் பழக்கிற அண்ணாவியார்.

பின்னேரம் 4 மணிக்கு வரச்சொன்னது. 4 மணிக்கு வந்திட்டாங்க, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில இருந்து வேன் பிடிச்சு, உடுப்புப் பெட்டியோட 14 பேர். பிரதம அதிதி வந்தது எட்டரைக்கு. மறுகா பேச்சு, பொன்னாடை, மறுகா கொழும்பில இருந்து வந்த பேண்ட். கூத்தக் கூப்பிட்டது பத்தே முக்காலுக்கு. அதுவரைக்கும் ராசாவுக்கு ஆடுறவர் கூடை மாதிரி விரிஞ்ச கரப்புடுப்போட வேப்பமரத்தில சாஞ்சுகொண்டு நிண்டார், ஏனெண்டா அந்த உடுப்பக் கட்டினாக் கதிரையில குந்த ஏலாது. அறுபது தாண்டின மனிசன். கடைசியில குடுத்தது 12 நிமிசம். ராசா முதல்ல மேடைக்கு வாற வரவு ஆட்டம் கூட முடியல்ல.

விழாவ நடத்தின ஆக்களுக்கு நான் சொல்ல வாறது ஒண்டுதான். விழாவுக்குத் திட்டம் போடக்குள்ளயே அண்ணாவியாரக் கூப்பிட்டு, கதிரை குடுத்து இருத்திக் கேளுங்க. நிகழ்ச்சி நிரல் அச்சடிச்ச பிறகு இல்ல, அதுக்கு முதல்.

"சுற்றுலாவுக்கு வாறவன் விடிய விடிய இருக்கமாட்டான்" எண்டு ஒருத்தர் கட்டாயம் எழுதுவார். நியாயம்தான், நாங்களும் விடியும் வரைக்கும் மேடை கேக்கல்ல. 1960களில பேராதனையில பேராசிரியர் வித்தியானந்தன் இரவிரவா ஆடுற கூத்தச் சுருக்கித்தானே மேடையேத்தினவர். ஆனா எப்பிடிச் செய்தவர்? நம்மட வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியாரக் கூட்டிக்கொண்டு போய், கெம்பஸ் பெடியனுகளுக்கு ஆட்டம் பழக்குவிச்சு, அவரையும் பக்கத்தில வச்சுக்கொண்டு செய்தவர். நீங்க ஒருக்காப் போனாவது எடுத்துக் கேட்டீங்களா? முப்பது நிமிசம்தான் இருக்கு அண்ணாவியார், எந்தக் கட்டத்த ஆடலாம் எண்டு கேட்டிருந்தா மாமா அடுத்த நாளே ஒழுங்குபடுத்தித் தந்திருப்பார்.

ஒரு கூத்து மேடைக்கு வர எவ்வளவு வேல எண்டு தெரியுமா? ஆள் பாத்துச் சட்டங் குடுக்கணும், அதுதான் அவரவர் பாட்டும் வசனமும் எழுதின ஏடு, மாசக்கணக்காப் பழகணும், கிழமைக்கொருக்கா ஆடிப் பாக்கிற கிழமைக் கூத்து, சதங்கை அணியிறது, முழுக்கூத்தையும் ஒத்திகை பாக்கிற அடுக்கு, அதெல்லாம் முடிஞ்சுதான் அரங்கேற்றம். சின்ன வயசில கூத்தாடுற களரிக்குப் பக்கத்தில பாய் விரிச்சு அம்மா எங்களப் படுக்க வச்சிருவா. விடியச்சாமம் நல்ல கட்டம் வரக்குள்ள தட்டி எழுப்புவா, கண்ணக் கசக்கிக்கொண்டு பாத்தா முதல்ல தெரியிறது மாமாட கைதான். மத்தளத்தில அந்தக் கை போற வேகம்! எழுதக்குள்ளயும் காதில கேக்குது.

"மேடை குடுத்ததே பெரிசு" எண்டும் சொல்றாங்க. ஆருக்கு ஆர் குடுக்கிறது? உங்கட போஸ்டர்ல பெரிசாப் போட்ட படம் கூத்துக்காரன்ட கிரீடம். அந்தப் பேண்ட் ஆக்கள்ட முகத்தையா போட்டீங்க?

பெரிய விழாவ எப்பிடி நடத்திறது எண்டு நம்மட ஆக்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவல்ல. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில்ல 18 நாள். பாண்டவர் வனவாசம் போற அண்டைக்கு ஊரே பின்னால போகும், தீமிதிப்புக்கு எள்ளுப் போட இடமிருக்காது. நம்மட பெரிய கோயில்கள்ல இன்ன நாள் இன்ன குடிட (தாய்வழி வம்சத்திட) திருவிழா எண்டு பங்கு பிரிச்சு வச்சிருக்கு, செலவும் அவங்கட, பொறுப்பும் அவங்கட, கோயில நிர்வகிக்கிற வண்ணக்கர்மாரக் கேக்காம ஒரு அலுவலும் நகராது. அதாலதான் ஒவ்வொருத்தனும் அது தன்ட விழா எண்டு நினைக்கிறான். வெளிநாட்டுத் தரம் எண்டு கதைக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்றன். 1947இல ஸ்கொட்லாந்தில எடின்பரோ கலை விழா தொடங்கக்குள்ள கூப்பிடாமலே வந்த 8 நாடகக் குழு கிடைச்ச இடத்தில நாடகம் போட்டாங்க, அதில இருந்து வளந்த ஃபிரிஞ் எண்ட விழாதான் இண்டைக்கு அந்த ஊருக்கு உலகத்தையே கூட்டிக்கொண்டு வருது. கலைஞன்தான் சனத்தக் கொண்டு வாறவன். எல்ஈடி திரை இல்ல.

இத அரசியல் எண்டு சொல்றவங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்ல.

அண்டைக்குச் சல்லரித் தாளம் போட்டது மாமாட பேரன், 15 வயசு. வேன்ல வரக்குள்ள ஒருத்தரும் கதைக்கல்லயாம். மண்முனைப் பாலம் தாண்டின பிறகு அவன் கேட்டிருக்கான், "அப்பப்பா, நாம பிழையா ஆடிட்டமா, அதுக்கா நிப்பாட்டினாங்க?" எண்டு. மாமா இத என்னட்டச் சொல்லக்குள்ள குரல் உடைஞ்சிட்டு. அந்த மனிசன் அழுது நான் கண்டதில்ல. ஊர்ல கூத்துப் பழக வாறதே நாலஞ்சு பெடியனுகள், அதில ஒருத்தன் இவன். நேற்றுப் பழக்கத்துக்கு வரல்லயாம்.

ஏற்பாடு செய்த ஆக்கள் இதப் பாப்பீங்க எண்டு தெரியும். மேடையில மன்னிப்புக் கேக்கிறதெல்லாம் வேணாம். வேன் காசு 15,000த்த மாமா தன்ட கையால குடுத்தவர், இன்னும் வரல்ல. அதக் கொண்டு வந்து குடுங்க. வாற நேரம் அந்தப் பெடியனக் கூப்பிட்டு, பிழை உன்னில இல்ல மகன் எண்டு உங்கட வாயால சொல்லிட்டுப் போங்க.