அந்தக் காரைப் பிணவண்டி என்று சொன்னவர்களுக்கு

சனிக்கிழமை பிறந்தநாள் மண்டபத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். வராதவர்களும் குழுவில் சுற்றிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சொன்னவரின் பெயரை எழுதமாட்டேன், சொன்ன சொல்லை எழுதுவேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது, அவள் கணவன் வாங்க நினைத்த காரின் படத்தைப் பார்த்து, "என்ன இது, பிணவண்டி மாதிரி நீளமாக இருக்கிறது?" என்றார். மேசை முழுவதும் சிரித்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அந்தக் காரைத் தேடிக் கொடுத்தவன் நான். 2011ஆம் ஆண்டு சுபாரு அவுட்பேக். ஸ்டேஷன் வேகன், அதாவது சாமான் ஏற்றப் பின்பக்கம் நீண்ட கார். நான்கு சக்கர இழுவை, நான்கு சக்கரங்களையும் என்ஜின் சுழற்றும். ஒரே உரிமையாளர், 1,70,000 கிலோமீட்டர், பராமரிப்பு ரசீதுகள் ஒன்றுவிடாமல் ஒரு கோப்பில். இரண்டு வாரம் வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து தேடினேன். வாங்க நினைத்த அந்தத் தம்பியின் கையில் இருந்தது 80,000 குரோனர். அதற்குள் அதைவிட நல்ல கார் நோர்வேயில் கிடைத்திருக்காது என்று இன்றும் சொல்கிறேன்.

தம்பியும் மனைவியும் ஒஸ்லோவில் இல்லை. வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில், ஃபாகர்னஸுக்கு மேலே, செங்குத்தான சரளைப் பாதையின் முடிவில் வீடு. அவள் முதியோர் இல்லத்தில் தாதி. காலை ஏழுக்கு வேலையில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பனி வழிக்கும் வண்டி அந்தப் பாதைக்கு வந்திருக்காது. வந்துவிட்டுப் போனாலும் வாசலில் முழங்கால் உயரத்துக்கு வரப்புக் கட்டிவிட்டுப் போகும். தம்பி மின்வேலை செய்கிறவன், ஏணியும் கம்பிச் சுருளும் பெட்டிகளுமாக அலைகிறவன். ஜனவரியில் குழந்தை. பிரசவ ஆஸ்பத்திரி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி. இந்த வாழ்க்கைக்கு ஒரு கார் வேண்டும் என்று கேட்டால் நான் வேறு எதைச் சொல்வேன்?

பனிக்காலக் காரைப் பாதையைப் பார்த்து வாங்க வேண்டும், மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

"நான்கு சக்கர இழுவை இருந்தால் மட்டும் பிரேக் பிடித்துவிடுமா?" என்று ஒருவர் குழுவில் கேட்டிருந்தார். பிடிக்காது. நான் எப்போது பிடிக்கும் என்றேன்? மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக்கை மிதித்த பிறகு, காய்ந்த தார்ச் சாலையில் 20 மீட்டருக்குள் நின்றுவிடும். அமுங்கிய பனியில் அதற்கு 70 மீட்டர் வேண்டும். பளபளக்கும் பனிக்கட்டியில் 140 மீட்டரும் போதாமல் போகலாம். அந்த இடத்தில் நான்கு சக்கர இழுவையால் ஒரு பயனும் இல்லை, நிறுத்துவது டயர்தான். அதனால்தான் யார் கேட்டாலும் முதல் வார்த்தையாக டயர் என்கிறேன். சட்டம் பனிக்காலத்தில் 3 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்கிறது. நான் 5 இல்லாவிட்டால் மாற்றுங்கள் என்பேன். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. பத்து வயதான டயரில் பள்ளம் எவ்வளவு இருந்தாலும் இரப்பர் கல்லாகியிருக்கும். நான்கும் ஒரே வகையாக, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். நான்கு சக்கர இழுவைக் காரில் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று போட்டால் இழுவையைப் பங்கிடும் பகுதியே கெட்டுப்போகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2009 ஜனவரியில், மூன்று வயது மகனையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு ஈ16 நெடுஞ்சாலை வழியாகப் பேர்கனுக்குப் போனேன். முன்சக்கர இழுவைச் சிறிய கார். விற்ற இடத்தில் "பனிக்கால டயர் புதிது மாதிரி" என்றார்கள், நம்பினேன். ஃபிலேஃபியெல் மலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். ஏற்றத்தில் காரின் பாரம் பின்னுக்குச் சாய்ந்தது. இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் பாரமில்லாமல் சும்மா சுழன்றன. கார் நின்றது. பிறகு, நான் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கும்போதே, பின்னோக்கி வழுக்கத் தொடங்கியது. அந்த மெல்லிய சறுக்கலின் சத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. வழித்துக் குவித்த பனி மேட்டில் முட்டியதால் நின்றோம். மேடு இல்லாவிட்டால் கீழே சரிவு.

அரை மணி நேரத்தில் ஒரு பழைய சுபாரு லெகசி ஸ்டேஷன் வேகன் வந்தது. கதவோரம் எல்லாம் துரு. இறங்கியவருக்கு அறுபது வயதிருக்கும். எங்கிருந்து வருகிறாய், ஏன் இப்படி வந்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை மாட்டினார், அந்த ஏற்றத்தில் எங்கள் காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு மேலே போனார். பிறகு குனிந்து என் டயரின் பள்ளத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த என் மகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். அந்தப் பார்வை இன்னொரு தகப்பனுக்குக் கிடைக்கக் கூடாது என்றுதான் இத்தனை வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கார் தேடிக் கொடுக்கிறேன். ஒரு குரோனர் வாங்கியதில்லை.

"பழைய சுபாருவில் என்ஜின் கேஸ்கெட் போகும்" என்கிறார்கள், என்ஜினுக்குள் கசிவைத் தடுக்கும் தகட்டைச் சொல்கிறார்கள். உண்மை. பழைய 2.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின்களில் அந்தக் குறை இருந்தது, நான் மறைக்கவில்லை. அதனால்தான் ரசீது கேட்கிறேன், குளிர்நீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கிறேன், என்ஜினுக்குள் ஓடும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்கிறேன். பெட்ரோல் அதிகம் குடிக்கும் என்பதும் உண்மைதான். மலைச் சாலையில் நூறு கிலோமீட்டருக்கு 9, 10 லிட்டர் போகிறது. போகட்டும்.

சுபாரு பிடிக்காவிட்டால் ஸ்கோடா ஒக்டாவியா 4x4 பாருங்கள், நல்ல கார். அதில் சாதாரண ஓட்டத்தில் முன்சக்கரங்களே இழுக்கும், தேவைப்படும்போது ஹால்டெக்ஸ் என்ற கிளட்ச் பின்சக்கரங்களைச் சேர்க்கும். அதன் எண்ணெயைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் உள்ளே இருக்கும் சிறு வடிகட்டி அடைத்து, பின்சக்கர இழுவை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். பனியிலோ சரளையிலோ நிறுத்தி, ஒரேயடியாக மிதித்துப் பாருங்கள். முன்சக்கரம் மட்டும் மண்ணை வாரினால் திரும்பி வந்துவிடுங்கள். வால்வோவின் பழைய எக்ஸ்சி70 ஸ்டேஷன் வேகன் வந்தது 2016 வரைதான், உப்பில் அடிபடாத ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். எதுவானாலும் டார்ச் லைட்டுடன் காரின் கீழே படுத்துப் பாருங்கள். இந்த நாட்டுச் சாலைகளில் கொட்டுகிற உப்பு பிரேக் குழாயையும் கதவடி விளிம்பையும் தின்றுவிடும். மேலே மினுக்கிய பெயின்ட் அதைச் சொல்லாது.

மின்சாரக் கார் வாங்கலாமே என்று கேட்டவருக்கு: 2024இல் நோர்வேயில் விற்ற புதுக் கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது மின்சாரம்தான், எனக்கும் தெரியும். நானூறாயிரம் குரோனர் நீங்கள் கொடுங்கள், வாங்கச் சொல்கிறேன்.

பிணவண்டி என்று சிரித்த அந்த நீளத்துக்கு வருகிறேன். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் தோஹோகு மின்சார நிறுவனம், பனி மலைகளில் மின்கம்பிகளைப் பார்க்கப் போகும் தன் ஊழியர்களுக்கு ஜீப்பைவிடக் குளிர் அடிக்காத வண்டி கேட்டது. அந்தத் தேவையிலிருந்து வளர்ந்ததுதான் 1972இல் வந்த சுபாரு லியோன் நான்கு சக்கர இழுவை ஸ்டேஷன் வேகன். பனியில் மின்கம்பத்துக்குப் போகிறவனுக்காகப் பிறந்த வண்டி அது. நம் தம்பி செய்வதும் அந்த வேலைதான். அந்த நீளத்தில்தான் அவன் ஏணி போகும், குழந்தை வண்டி போகும், பனி அள்ளும் சவல் போகும், இருபது கிலோ அரிசி மூட்டை போகும். ஹார்டாங்கர்விட்டா மலை மேட்டில் பாதையை மூடிவிட்டு, பனி வழிக்கும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் விடுவோம் என்று மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும்போது, ஒரு பிள்ளையைப் போர்வை விரித்துப் படுக்க வைக்கவும் அதில்தான் இடம் இருக்கும்.

"நீ என்ன மெக்கானிக்கா?" என்றும் கேட்டீர்கள். இல்லை. நம் ஆட்கள் நோர்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போன காலத்தில் என் சித்தப்பா அங்கே இருந்தார். முதல் பனிக்காலத்தில் ஒரே காரில் ஐந்து பேர் போவார்களாம். யாருடைய கார் அழகு என்று அங்கே யாரும் பார்த்ததில்லை, யாருடைய கார் காலையில் ஸ்டார்ட் ஆகும் என்று பார்த்தார்கள். அந்த மனிதர்களின் பிள்ளைகள் நாம். எப்போது ஒருவன் வாங்குகிற காரை அவன் மனைவியின் முன்னால் வைத்துச் சிரிக்கப் பழகினோம்?

திங்கட்கிழமை தம்பி எனக்குப் போன் செய்தான். "அண்ணா, எல்லோரும் ஒரு மாதிரிச் சொல்கிறார்கள், வேண்டாம் என்று நினைக்கிறேன்" என்றான். செவ்வாய்க்கிழமை அந்தக் கார் விற்றுப்போயிற்று. இப்போது கடனுக்கு, 19 அங்குலச் சக்கரம் போட்ட, தாழ்வான முன்சக்கர இழுவைக் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறானாம். அந்த வாசல் வரப்பில் அதன் வயிறு உட்கார்ந்துவிடும் என்று அவனுக்குச் சொன்னேன். மௌனமாக இருந்தான்.

தம்பி, இதை நீ வாசிப்பாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்தக் காரை வாங்கினாலும் டயரின் அளவை எனக்கு அனுப்பு, நல்லதாக நான்கு பார்த்து வைக்கிறேன். கயிறும் சவலும் என்னிடம் இரண்டு சோடி இருக்கின்றன, ஒன்றை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். ஜனவரியில் எந்த இரவானாலும், எந்த நேரமானாலும், பாதை வழுக்கினால் என்னைக் கூப்பிடு. என் பழைய ஸ்டேஷன் வேகன் அந்த ஏற்றம் ஏறும்.