சோதித்துப் பார்க்கச் சொன்னால் சிரிக்கிறார்கள்

சென்ற வாரக் கூட்டத்தின் காணொளித் துண்டை இங்கே பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். அதை மறுபடியும் பகிரப் போவதில்லை. அரங்கமே சிரிக்கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் முகத்தை நானே இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உணவு, நடை, உறக்கம், புகையிலையை விடுதல் ஆகியவற்றைக் கொண்டு சர்க்கரை நோயையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தும் வாழ்க்கைமுறை மருத்துவத்தை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வைத்து, நம் தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பணத்தில் சில ஆண்டுகள் சோதித்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். மேடையிலிருந்து வந்த பதில்: "காலையில களி தின்னுட்டு நாலு கிலோமீட்டர் நடங்க சார், அதுக்கு எதுக்கு இன்சூரன்ஸு?" கைதட்டல் வேறு.

அவர் பெயரை எழுத மாட்டேன். படித்தவர், பொறுப்பில் இருப்பவர். அன்று எல்லோருக்கும் கொடுத்த தட்டில் ஒரு லட்டும் ஒரு கைப்பிடி மிக்சரும் இருந்தன, சர்க்கரை போட்ட டீ தனியாக வந்தது என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டம் கைகொடுக்கிறது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இப்போதைய பெயருக்கு மாறி, 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்தது. இந்த அட்டையால் பிழைத்தவர்களை எனக்கு நேரில் தெரியும். திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது சிகிச்சைப் பட்டியலை வைத்து நடக்கிற திட்டம். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தால் பணம் வரும். டயாலிசிஸ் செய்தால் பணம் வரும். சிறுநீரகம் கெட்டுப்போகாமல் ஒருவரைப் பத்து ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்துக்கொள்ளும் உணவு ஆலோசகருக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. கெட்ட பிறகு லட்சக்கணக்கில் கொடுக்கிற அரசு, கெடாமல் தடுக்க முடியுமா என்று பார்ப்பதற்கு ஒரு சிறு தொகையை ஒதுக்கக் கூடாதா? என் கேள்வி இவ்வளவுதான்.

பணி ஓய்வு பெறும் வரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்தவன் நான். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை அட்டைகளைக் காகித உறையில் போட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக உறையின் மேல் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுப்பேன். உறையை வாங்கிக்கொண்டு ஒரு பாட்டி, "ஐயா, இதுக்கு என்னதான் திங்கறது?" என்று கேட்பார். பின்னால் வரிசை வெளி மரத்தடி வரை நிற்கும். "இனிப்பு சேர்க்காதீங்கம்மா" என்பேன்; அதற்குள் அடுத்தவரின் சீட்டு சன்னலுக்குள் நுழைந்துவிடும். வாழ்க்கைமுறை மருத்துவம் என்று அரசு அந்தப் பாட்டிக்குக் கொடுத்தது அந்த அரை வாக்கியம் மட்டுமே.

"அதற்குத்தான் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறதே" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அது தொடங்கப்பட்டது. வீடு தேடி மாத்திரை கொண்டுபோகும் பெண்களை நான் மதிக்கிறேன். ஆனால் மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையை மாதக்கணக்கில் உட்கார்ந்து மாற்றுவதும் ஒரே வேலையாகிவிடாது. இரண்டாவது வேலைக்கு ஆளும் இல்லை, சம்பளமும் இல்லை.

என் தங்கையின் கணவருக்குக் காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்பு. சர்க்கரை இருப்பது தெரிந்தும் மாத்திரையை மட்டும் நம்பிப் பல ஆண்டுகள் ஓட்டினார், இப்போது டயாலிசிஸ். காப்பீட்டு அட்டைதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது, மறுக்கவில்லை. அவருடைய இடக்கையில் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடத்தில் விரலை வைத்தால் உள்ளே இரத்தம் இரைந்து ஓடுவது விரலுக்குத் தெரியும். பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் தன் தோப்பு மாம்பழத்தை அவர் தொடக் கூடாது. தண்ணீரைத் தம்ளரில் அளந்து குடிக்கிறார். "மச்சான், இதையெல்லாம் அப்பவே எவனாவது உட்கார வெச்சுச் சொல்லியிருக்கலாம்ல?" என்று அவர் கேட்டபோது, சொன்னார்களே என்று என்னால் சொல்ல முடியவில்லை. சன்னல் வழியாகச் சொல்லியிருப்பார்கள்.

களியும் நடையும் எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அதற்கு எதற்கு ஆய்வு என்கிறார்கள். தெரிந்திருப்பது போதுமென்றால் பீடிக்கட்டில் அச்சிட்ட படத்தைப் பார்த்தே ஊர் திருந்தியிருக்க வேண்டும். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; தொடர்ந்து தொலைபேசியில் பேசி, நேரில் அழைத்து, உணவையும் நடையையும் கவனித்த பிரிவில் அது 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய அதே அளவுதான். இந்த வித்தியாசம் களியால் வந்ததன்று; விடாமல் பின்தொடர்ந்ததால் வந்தது. பின்தொடர ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

உடனே அடுத்த கேள்வி வருகிறது: "அப்படியானால் நிரூபணமாகிவிட்டதே, இனி என்ன சோதனை?" இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே ஆள் ஒரே பதிவின் கீழ் கேட்டிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். சென்னையில் பலித்தது பென்னாகரத்தில் பலிக்குமா? ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருபவர் எப்போது நடப்பார்? கட்டட வேலைக்குப் பெங்களூரு போய் ஆறு மாதம் கழித்துத் திரும்புபவரை யார் பின்தொடர்வது? இதில் செலவழித்தால் பின்னாளில் காப்பீட்டுச் செலவு குறையுமா? இவற்றுக்கெல்லாம் விடை தெரியாததால்தான் சோதிக்கச் சொல்கிறேன். நம்பச் சொல்லவில்லை.

அமெரிக்கா இதைச் செய்ய முன்வந்திருக்கிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரை நடத்தும் அமைப்பு 2025 டிசம்பரில் அறிவித்த மாஹா எலிவேட் திட்டத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. அதிகபட்சம் 30 செயல்திட்டங்களுக்கு மூன்றாண்டு நிதி. ஒவ்வொன்றிலும் உணவோ உடற்பயிற்சியோ கட்டாயம் இடம்பெற வேண்டும். வழக்கமான சிகிச்சையை நிறுத்தாமல் அதனோடு சேர்த்தே நடத்த வேண்டும். நான் இதைச் சொன்னதும், "கென்னடி பக்தரா நீங்கள்?" என்று ஒரு நண்பர் கேட்டுவிட்டார். அந்த அமைப்பை உள்ளடக்கிய அமெரிக்கச் சுகாதாரத் துறையின் அமைச்சர் ராபர்ட் கென்னடி ஜூனியர் தடுப்பூசிகளைப் பற்றிப் பேசியவற்றை நான் வெறுக்கிறேன்; தடுப்பூசிப் பெட்டியின் வெப்பநிலையைக் காலையிலும் மாலையிலும் குறித்துவைத்தே வேலை பார்த்தவன் நான். அவர் பதவிக்கு வருவதற்கு எவ்வளவோ முன்பே, 2018-இலிருந்து, நீரிழிவுத் தடுப்புப் பயிற்சிக்கு மெடிகேர் பணம் கொடுத்துவருகிறது. அதைப் பற்றி அந்த நண்பர் வாயைத் திறக்க மாட்டார்.

இதைச் சாக்காக வைத்துப் போலி வைத்தியர்கள் நுழைந்துவிடுவார்கள் என்பது நியாயமான பயம்தான். கண்காணியுங்கள்.

பணம் எங்கே என்கிறவர்களுக்கு இந்த மாவட்டத்தின் தண்ணீரை நினைவூட்டுகிறேன். ஃபுளோரைடு நீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறி, முட்டி வளைந்த தலைமுறை நாங்கள். அன்றைக்கு "நல்ல தண்ணியா பார்த்துக் குடிங்க சார்" என்று யாரும் மேடையில் நையாண்டி செய்யவில்லை. ஜப்பானிடம் கடன் வாங்கி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டி, 2013-இல் திறந்தார்கள். நோய் வருமுன் தடுக்க அரசு ஆயிரம் கோடிக்கு மேல் செலவழித்த ஊர் இது. குழாயைப் போட்டால் அது வளர்ச்சி, ஆளைப் போட்டால் வீண்செலவு என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

களியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கேழ்வரகு விளைவித்துவிட்டு ரேஷன் அரிசியைச் சாப்பிட்டுப் பழகிய ஊர் இது. 2023-இல்தான் தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களின் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சர்க்கரை நோயாளி பெரிய உருண்டையாக வெறும் களியை விழுங்கினாலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். எவ்வளவு, எதனோடு என்று ஒருவர் அளந்து சொல்ல வேண்டும். மேடையில் பேசியவருக்கு இது தெரியாமலிருக்காது. தர்மபுரிக்காரனுக்குக் களி போதும் என்று அவர் நினைத்ததுதான் எனக்கு உறைக்கிறது. சென்னையில் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் குழு அமைத்திருப்பார்கள்.

நான் கேட்பது இரண்டு ஒன்றியங்கள். ஒன்றில் கிராமத்துக்கு ஓர் ஆலோசகர், மற்றொன்றில் இப்போதுள்ள நடைமுறை. மூன்று ஆண்டுகள் கழித்து இரு பக்கமும் சர்க்கரை அளவையும் காப்பீட்டுச் செலவையும் ஒப்பிட்டு வெளியிடுங்கள். பலிக்கவில்லை என்று வந்தால் அதையும் வெளியிடுங்கள். முதல் ஆளாக நான் பகிர்கிறேன். இதை மனுவாக எழுதித் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன். கையெழுத்திட விரும்புகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். "முதலில் நீங்கள் நடங்கள் சார்" என்று எழுத வருபவர்கள், மன்னிக்கவும், அதை ஏற்கெனவே ஒருவர் மைக்கில் சொல்லிவிட்டார்.